வெள்ளிக்கிழமை வாடிக்கைக்காரர்கள்

என் கடைக்கும் பழக்கடை பாய் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் இருந்தது. அந்தத் தடுப்பின் மேல் உட்கார்ந்துதான் குரங்குகள் இரண்டு கடையையும் மேற்பார்வை பார்க்கும். இந்தப் பக்கம் நான் சாக்லேட்டும் யூக்கலிப்டஸ் தைலமும் விற்றுக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் பேரிக்காய், பிளம்ஸ், பட்டர் ஃப்ரூட், மலைவாழைப்பழம் என்று பரப்பி வைத்திருப்பார். குரங்கைக் கண்டால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுகிற ரகம் நான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற ரகம் அவர். எங்களுக்குள் சண்டை வராமல் இருக்குமா?

முதல் சண்டை நான் கடை திறந்த வாரமே வந்தது. காது அறுந்த பெரிய குரங்கு ஒன்று சாவகாசமாக என் மேசைக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல முந்திரி சாக்லேட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தகரத்தில் ஏறியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் தராசுப் படிக்கல்லை எடுத்து வீசினேன். அது குரங்கின் மேல் படவில்லை. நேராகப் பாயின் பிளம்ஸ் கூடையில் போய் விழுந்தது. மனிதர் ஏதாவது சொல்லப்போகிறார் என்று நானும் பதிலுக்குத் தயாராக நின்றேன். அவர் படிக்கல்லைத் துடைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, அவன் எதிர்க்கடைக்காரன். ஏவாரத்துல போட்டி இருக்கலாம், அடிதடி கூடாது" என்றார்.

வாடகை கொடுத்தா அவன் கடை வைத்திருக்கிறான் என்று கேட்டேன். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.  இது கடைத்தெரு ஆவதற்கு முன்னால் அவன் பாட்டன் பூட்டன் குடியிருந்த இடம், நியாயமாகப் பார்த்தால் நாம்தான் அவனுக்கு வாடகை தர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் முக்காலிக்குப் போய்விட்டார். காது அறுந்தவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் முதலாளி.

எனக்கு மிருகங்களிடம் பொறுமை கிடையாது. அது எங்கள் குடும்ப வியாதி. மேல்மலையில் எங்கள் அப்பா உருளைக்கிழங்கு போட்டால் பன்றி வந்து கிளறும், கேரட் போட்டால் முள்ளம்பன்றி வந்து தின்னும். கடைசியில் எதுவும் வாய் வைக்காத பூண்டே கதி என்று பூண்டு போட்டார். காட்டுமாடு பூண்டைத் தின்னாது, ஆனால் பாத்திக்கு நடுவில் நடந்து போகும். அந்த உருப்படி ஒரு தரம் நடந்தால் போதாதா? அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, அட்டுவம்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, கடைத்தெருவில் வந்து கடை போட்டால் இங்கேயும் குரங்கு. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பாய் பிறந்தது பழனியில். இளவட்டமாக இருக்கும்போது கொய்யாப்பழ லாரியில் தொற்றிக்கொண்டு இந்த மலைக்கு மேலே வந்தவர். வந்த அன்று காலையில் டீக்கடை பாய்லரைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றாராம். குளிர் முதலில் அடிக்கும், அப்புறம் கிள்ளும், அப்புறம் தடவிவிட்டுப் போய்விடும் என்பார். தனக்குத் தடவுகிற கட்டம் வந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, சித்திரை மாதத்திலும் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்ட மங்கி குல்லாவைக் கழற்ற மாட்டார். தொழுகைக்குப் போகும்போது அந்த இடத்தில் வெள்ளைத் தொப்பி வரும். தலையில் முடி இருக்கிறதா இல்லையா என்பது பக்கத்துக் கடைக்காரி எனக்கே தெரியாது.

அவருக்கு இளைப்பு உண்டு. சிரிக்க ஆரம்பித்தால் முழுதாகச் சிரித்து முடிக்க முடியாது. பாதிச் சிரிப்பில் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும். சட்டைப் பையிலிருந்து மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். மிச்சச் சிரிப்பைக் கையை ஆட்டிச் சைகையிலேயே முடிப்பார். ஒரு மார்கழியில் சைகை காட்டக்கூடத் தெம்பில்லாமல் ஆஸ்பத்திரியில் போய்க் கிடந்தார். இந்த நெஞ்சுக்கு இந்தப் பனி ஆகாது, கீழே போய் இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழனி அடிவாரத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் மகன் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

அத்தாவைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று மகன் கடை முன்னால் நிற்கிறார். தெருவே கூடிவிட்டது. பாய் முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தகரத்தின் மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தைக் கை காட்டினார்.

"இதுக என்னிக்கு என்னை ஜெயிச்சுக் கடையைக் காலி பண்ணுதுகளோ, அன்னிக்கு நானே மூட்டையக் கட்டுறேன்."

மகனும் ஏவாரிதானே. "சரிங்கத்தா. பேச்சு மாறக்கூடாது" என்று எங்களையெல்லாம் சாட்சி வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். இது என்ன கூத்து, ஊர்ப்பட்ட குரங்கை நம்பியா பந்தயம் கட்டுவது என்று அவர் போன பிறகு பாயைச் சத்தம் போட்டேன். அவர் தராசைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கீழ போனா நான் மண்டிக்காரரோட அத்தா, தங்கச்சி. இங்கதான் நான் பழக்கடை பாய்."

எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து குரங்குகளை எனக்கு இரண்டு மடங்கு பிடிக்காமல் போனது. பேரிக்காய் போனால் பேரிக்காயோடு போகும் என்று இருந்தது மாறி, ஒவ்வொரு திருட்டும் அவரை ஒரு படி கீழே இறக்குகிற மாதிரி தோன்ற ஆரம்பித்தது.

அவரோ பயப்படுகிற மாதிரியே தெரியவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு புது உபாயம் வைத்திருப்பார். ஒரு தடவை பொம்மைக் கடையில் ஆள் உயரத் துணிப்புலி ஒன்றை வாங்கிக்கொண்டுவந்து வாழைத்தாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முதல் நாள் கூட்டம் முழுக்க எதிர்மரத்தில் ஏறிக் கத்தித் தீர்த்தது. மறுநாள் கத்தல் பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்த நாள் முதலாளி இறங்கிவந்து ஒரு காய்ந்த சுள்ளியை எடுத்துப் புலி மேல் எறிந்து பார்த்தான். வாரக் கடைசியில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி புலியின் முதுகில் உட்கார்ந்து தன் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பாய் அதைப் பார்த்துச் சிரித்து, விசிலடித்து, பம்பை இழுத்து, கையை ஆட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பேரிக்காய்க் கூடை கவிழ்ந்துவிட்டது.

சரியாக அப்போதுதான் அவர் சம்சாரம், எங்களுக்கெல்லாம் அக்கா, சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்கிறார். தரையில் கிடக்கும் பேரிக்காயைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். வண்டியிலிருந்து இறக்கும்போது கொட்டிவிட்டது என்று பாய் அளந்தார். ஆமாக்கா, ரோடு ரொம்ப மோசம் என்று நானும் ஒத்து ஊதினேன். அக்கா ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. அந்த நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே அவர் தூக்கம் போயிருந்தது. கீழே போனால் தேவலை என்ற எண்ணம் அவருக்கும் உண்டு. இருந்தாலும் மகனிடம் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பேரிக்காயைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை தோல்விக்கு நடுவிலும் பாய் ஒரு விசயத்தில் மட்டும் கறார். குரங்குக்குக் கையால் எதையும் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் விடமாட்டார். டூரிஸ்ட் பிள்ளைகள் பன்னை நீட்டினால் ஓடிப்போய்த் தடுப்பார். இவ்வளவு திருட்டுக் கொடுக்கிற மனிதருக்கு ஒரு பன்னில் என்ன வந்தது என்று கேட்டேன்.

"கையால குடுத்தா அது பிச்சை. அதுவா எடுத்தா ஒழைப்பு. பிச்சைக்குப் பழகிட்டா காட்டுக்குத் திரும்பத் தெரியாது."

அதற்கு மேல் ஒரு பிரசங்கமே வைத்திருந்தார். சோலைக்குள் இருக்கிற கருமந்தியைப் பார், இலை தின்கிற வயிறு அதற்கு, அதனால் அது கடைத்தெருப் பக்கமே எட்டிப் பார்க்காது, சோலை இருக்கிறவரைக்கும்தான் அதன் பிழைப்பு என்பார். நம்ம ஆள் அப்படி இல்லை. எதையும் தின்பான், எங்கேயும் படுப்பான், பையின் ஜிப்பைத் திறப்பான். எடுத்ததை அங்கேயே தின்றுகொண்டிருந்தால் அடி விழும் என்று ஆண்டவன் அவன் கன்னத்துக்குள்ளேயே ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறான். முதலில் பையை நிரப்புவான், அப்புறம் மரத்தில் ஏறி உட்கார்ந்து நிதானமாக மெல்லுவான். கல்லாப்பெட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு திரிகிறவனோடு நான் போட்டி போடுகிறேன் பார் என்று அவர் சொல்லும்போது பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

அவன்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டதும் உண்டு. பனி விழுந்த காலையில் குரங்குக் கூட்டம் தகரத்தின் மேல் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக இருக்கும். வெயில் எட்டிப் பார்த்ததும் பிரிந்து, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்காரும். கீழே முக்காலியில் பாயும் சால்வையைத் திறந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, அதே பக்கம் பார்த்து நெஞ்சைக் காட்டி உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் யாரிடமும் திருடுவதில்லை. நான் டீயை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை விவகாரம் எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. மற்ற நாளில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பாய் கடைக்குப் பின்னாலேயே பாய் விரித்துத் தொழுதுவிடுவார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு மட்டும் பள்ளிவாசலுக்குப் போயாக வேண்டும். அவர் கடை பலகைக் கடை. ஒவ்வொரு பலகையாகச் செருகி மூடித் திறப்பதற்குள் பாதி நாள் போய்விடும். அதனால் பழத்தின் மேல் நைலான் வலையை இழுத்துக் கட்டிவிட்டு, தங்கச்சி ஒரு கண்ணு வச்சுக்க என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு வேறு சோலியே இல்லை பாருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் டூரிஸ்ட் வண்டி வந்து இறங்குகிற நேரம். நான் இரண்டு வாடிக்கைக்குப் பதில் சொல்வதற்குள் வலைக்குக் கீழே கை போய்விடும்.

கொஞ்ச நாளில் பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. மற்ற நாளில் ஒன்றிரண்டு பேராக வருகிறவன்கள் வெள்ளிக்கிழமை மட்டும் குடும்பத்தோடு வருகிறான்களே, நாள் எப்படித் தெரிகிறது? வெள்ளைச் சட்டையையும் அத்தரையும் பார்த்துக் கண்டுபிடிக்கிறான்கள் என்று முதலில் நினைத்தார். ஒரு வியாழக்கிழமை வெள்ளையும் சள்ளையுமாக உடுத்தி, அத்தர் பூசி, பள்ளிவாசல் மேட்டில் ஏறிப்போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் பின்வழியாக வந்து என் கடைக்குள் சாக்லேட் பெட்டிகளுக்கு நடுவில் பதுங்கி உட்கார்ந்துகொண்டார். என் கடைக்குள் அத்தர் மணம் தாங்கவில்லை. ஒரு குரங்குகூட வரவில்லை. மறுநாள் அழுக்குச் சட்டையும் மங்கி குல்லாவுமாகக் கிளம்பினார். கூட்டம் வந்து நின்றது.

கடைசியில் விடை கிடைத்தது என் மூலமாகத்தான். என்னை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். பாங்கு சொல்லும்போது குரங்குகள் அசையவில்லை. அது தினமும் கேட்கிறதுதானே. வெள்ளிக்கிழமை பாங்கு முடிந்ததும் ஸ்பீக்கரில் ஹஜ்ரத்தின் பயான், அந்த வாரத்துப் பிரசங்கம், தொடங்கும் இல்லையா, அந்தக் குரல் வந்ததும்தான் முதலாளி தகரத்தை விட்டு இறங்கினான். பயான் நடக்கிறவரைக்கும் கடைக்கு ஆள் வராது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பாயிடம் சொன்னேன். மனிதருக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே.

"என் மகன்கூட பயானை இவ்வளவு கவனமாக் கேட்டது கெடையாது தங்கச்சி" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் அவர் சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு அவருடைய மூளை முழுக்க வலையில்தான். ஓரத்தில் கல் வைத்தார், கல்லை உருட்டினான்கள். கொக்கி போட்டார், கொக்கியைக் கழற்றினான்கள். முடிச்சுப் போட்டார், அது ஒரு மாதம் தாங்கியது. கடைசியாகக் கம்பியைக் கொண்டு சுற்றிலும் முறுக்கிக் கட்டினார். இதை அவிழ்க்க இன்னொரு குரங்கு பிறந்து வர வேண்டும் என்று எனக்கே நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையில்தான், மகனை ஒரு வெள்ளிக்கிழமை மேலே வரச்சொல்லிப் போன் போட்டார். வந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்காமல் போகட்டும் என்று.

மகன் வந்தார். பாய் கம்பி கட்டின வலையைத் தட்டிக் காட்டினார். மகனும் இழுத்துப் பார்த்தார். அப்பனும் மகனும் பள்ளிவாசலுக்கு ஏறினார்கள். நான் முக்காலியை அவர் கடை முன்னால் போட்டு, கையில் கம்போடு உட்கார்ந்தேன். அன்றைக்கு வாடிக்கை வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவது என்ற முடிவோடுதான் இருந்தேன். பாங்கு முடிந்தது, பயான் தொடங்கியது.

என் கடைக்குள் கண்ணாடி ஜாடி உடைகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தக் கைப்பிள்ளைக்காரி பின்பக்க ஜன்னல் வழியாக இறங்கி என் அலமாரியில் நிற்கிறாள். அவளை விரட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். வலை அப்படியே இருந்தது. கம்பியும் அப்படியே இருந்தது. உள்ளே மொத்தக் கூட்டமும் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. பழத்தட்டுக்குக் கீழே காலிப்பெட்டி வைக்கிற அடிப்பலகை ஒன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. முதலாளி கம்பியைத் தொடவே இல்லை. கீழே புகுந்து, பலகையைத் தள்ளி, உள்ளே ஏறிவிட்டான். நான் கம்பால் அடித்தால் வலை தடுக்கிறது. வலையை அவிழ்க்கலாம் என்றால் பாய் முறுக்கின கம்பி எனக்கே அவிழவில்லை. அவர் கட்டின கோட்டைக்குள் அவன்கள் பத்திரமாக இருந்து விருந்து சாப்பிட, வெளியில் நின்று கத்தினது நான் ஒருத்திதான்.

பயான் முடிந்து, தொழுகையும் முடிந்து, வெள்ளைச் சட்டைகள் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கியபோது கூட்டம் கன்னம் புடைக்கப் புடைக்கக் கீழ்வழியாக வெளியேறியது. முதலாளி கடைசியாகக் கிளம்பினான். ஒரு பட்டர் ஃப்ரூட்டை எடுத்து அமுக்கிப் பார்த்தான். காயாக இருந்திருக்கும் போல. திரும்ப வைத்துவிட்டுப் போனான். அதைப் பாயும் பார்த்தார், பக்கத்தில் நின்ற மகனும் பார்த்தார்.

பாய் சிரித்தார். நெஞ்சு விசிலடித்தது, பம்பை எடுத்தார், கையை ஆட்டினார். மகன் சிரிக்கவில்லை. விசில் அடங்குகிறவரைக்கும் அத்தாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். 

நான் சும்மா இருப்பேனா? இது செல்லாது, இது பின்வாசல் திருட்டு, என்னை ஏமாற்றி உள்ளே போனதெல்லாம் ஜெயிப்பு ஆகாது என்று மகனிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாய்தான் என்னைத் தடுத்தார்.

"விடு தங்கச்சி. ஆட்டம்னா ஆட்டந்தான். அவன் நல்லா ஆடுனான்."

அந்த வாரமே கிளம்பிவிட்டார். கடை இடத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். தராசு, முக்காலி, வலை எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்தார். கையால் கொடுக்காதே, கல்லால் அடிக்காதே, இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. காரில் ஏறுவதற்கு முன்னால் தகரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். வெயில் வந்திருந்தது. எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன, ஒன்றுகூடத் திரும்பவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் கார் வளைவில் மறைந்த பிறகு, சொன்ன பேச்சையும் மீறி அந்தக் கூட்டத்தின் மேல் ஒரு படிக்கல்லை வீசினேன். வழக்கம்போல படவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு அவர் போனது உறைத்தது. பயான் தொடங்கியது. முதலாளி இறங்கி வந்தான். அவர் இடத்தில் நானே பழம் பரப்பிக் கடை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஏது ஜும்மா? எதிர்ச்சுவரில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்கள். நான் முறைத்தேன். பயான் முடிந்ததும் எழுந்து போய்விட்டான்கள். மறுவாரமும் அதேதான். மாசக்கணக்கில் இப்படியே நடந்தது. எனக்கு ஒரு பழம்கூடச் சேதமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தாலே எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

தை மாதத்தில் குடும்பத்தோடு பழனி மலைக்குப் போனபோது அடிவாரத்தில் மண்டியைத் தேடிப் போனோம். ஃபேனுக்கு அடியில் பனியன் போட்ட வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பாய் எங்கே என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்து, "வா தங்கச்சி" என்றார். குல்லா இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்? அக்கா உள்ளேயிருந்து வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நிம்மதியாகத் தூங்குகிறவரின் முகம் அது, பார்த்ததுமே தெரிந்தது.

மனிதர் ஊரை விசாரிக்கவில்லை, ஏவாரத்தை விசாரிக்கவில்லை. என்னைக் கையோடு வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலைக் காட்டினார். மத்தியான வெயிலுக்கு அங்கே குரங்குகள் ஈரச் சிமெண்டில் வயிற்றை ஒட்டவைத்துக் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தன. வந்த புதிதில் இந்தச் சூடு தாங்காமல் தவித்துப் போனாராம். அப்புறம் இதைப் பார்த்துவிட்டுத் தானும் மதியம் சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டு அப்படியே படுக்கிறாராம். இங்கே இருக்கிறவன் டப்பா மூடியைத் திருகித் திறக்கிறான், குழாயைத் திருப்பித் தண்ணீர் குடிக்கிறான், நம்ம பையன்களுக்கு இது தெரியாது என்று வேறு அளந்தார். இவனுக்கும் முதலாளி என்றுதான் பெயரா என்று கேட்டேன். இல்லை, இந்த ஊருக்கு அவன் மேனேஜர் என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறான்களா என்று கேட்டார்.

வருகிறான்கள், சுவரில் உட்காருகிறான்கள், நான் நகரமாட்டேன் என்று தெரிந்தும் பயான் முடிகிறவரைக்கும் இருந்துவிட்டுப் போகிறான்கள் என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஏன் தங்கச்சி, நீ டீ குடிக்கக்கூடப் போக மாட்டியா?"

எனக்குப் புரிய ஒரு நிமிசம் ஆயிற்று. கையால் கொடுக்கக் கூடாது என்று சொன்னது நீங்கள்தானே என்று மடக்கினேன். கொடுக்கச் சொல்லவில்லை, நன்றாக இறுக்கிக் கட்டிவிட்டுப் போ, அவிழ்த்தால் அவன் சாமர்த்தியம் என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னதும் நான் எழுந்துகொள்கிறேன். வலையை இழுத்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் ஒரு புது முடிச்சாகப் போடுகிறேன். மேல்மலையில் பூண்டு மூட்டை கட்டின கை, எனக்கும் சில முடிச்சு தெரியும். அடிப்பலகைக்கு ஆணி அடித்தாகிவிட்டது. பயான் தொடங்குகிற நேரத்துக்கு முக்குக் கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நிற்கிறேன். முடிந்ததும் வந்து பார்க்கிறேன். சில வாரம் நான் ஜெயிக்கிறேன், பல வாரம் அவன்கள். பிறகு, அங்கேயும் தொழுகை முடிந்து அவர் வீடு வந்து சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போன் போடுவேன்.

போன வெள்ளிக்கிழமை அப்பா சொல்லிக்கொடுத்த இரட்டை முடிச்சு. அதை மனுசனே அவிழ்க்க மாட்டான். போனை எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு நேரம் தாங்கியது என்பதுதான்.

"டீ ஆறலை பாய்" என்றேன். "முடிச்சை விட்டுட்டான். வலையவே கடிச்சுட்டான்."

சிரிக்க ஆரம்பித்தார். நான் பழக்க தோசத்தில் அந்த விசிலுக்காகக் காத்திருந்தேன். சிரிப்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பின்னால் அக்கா சிரிக்கிற சத்தமும் கேட்டது. விசில் வரவே இல்லை. முழுதாகச் சிரித்து முடித்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு என்ன முடிச்சு என்று கேட்டார்.